மொர்ஜினாவின் தண்ணீர் வார்டு

மொர்ஜினா காத்துன் நாற்பத்து மூன்று வயதுக்குள் பதினோரு இடத்தில் குடியிருந்துவிட்டாள். வீடு என்னவோ ஒன்றுதான். அதே தகரம், அதே மூங்கில் கால்கள், பச்சை வண்ணம் உரிந்த அதே கதவு. வங்கதேசத்தின் ஜமுனா ஆறு கரையைக் கடித்துக்கொண்டே வாசலுக்கு வரும்போது ஆணிகளைப் பிடுங்கி, தகரத்தை அடுக்கி, படகில் ஏற்றி, ஆற்றின் நடுவே வேறொரு மணல் திட்டில் இறக்கி நிமிர்த்தி வைப்பார்கள். அடுப்பு மட்டும் ஒவ்வொரு முறையும் புதிது. மண் அடுப்பைத் தூக்கிக்கொண்டு போக முடியாது.

திட்டில் பிறந்தவர்களுக்கு நிலம் ஒரு மாடு மாதிரி. படுத்திருக்கும், ஒருநாள் எழுந்து போகும், வேறெங்காவது மறுபடி படுக்கும். கல்யாணமான புதிதில் கணவன் தோராப் அலி அவளைக் கரையோரத்து ஊருக்கு அழைத்துப்போனான். அங்கே பாசி பிடித்த ஒரு செங்கல் வீட்டின் முன்னால் அவள் வெகுநேரம் நின்றாள். நூறு வருஷமாக அது அங்கேயே இருக்கிறது என்று அவன் சொன்னதும், பாவமாக இருக்கிறதே என்றாளாம். இந்தக் கதையை தோராப் வருஷத்துக்கு நாலு பேரிடமாவது சொல்லிவிடுவான்.

பதினோராவது இடத்துக்கு மொஹிஷ்டோபா என்று பெயர். எருமை முங்கிய இடம் என்று அர்த்தம். யாருடைய எருமை, எப்போது முங்கியது என்று யாருக்கும் தெரியாது. இருநூற்றுப் பதினான்கு வீடுகள், ஒரு தகரக் கொட்டகைப் பள்ளிக்கூடம், ஒரு பள்ளிவாசல், மூன்று அடிபம்பு. மிளகாயும் சோளமும் தினையும் விளையும். குளிர்காலத்தில் திட்டு முழுக்க மிளகாய் காயும்; தூரத்துப் படகிலிருந்து பார்த்தால் ஆற்றின் நடுவே யாரோ சிவப்புச் சேலையை உலர்த்தியது போலிருக்கும்.

யூனியன் என்கிற ஊராட்சித் தேர்தலில் அந்தத் திட்டுக்கு மூன்று வார்டுகள், வார்டுக்கு ஒரு மெம்பர். அதுபோக மூன்றுக்கும் சேர்த்துப் பெண்களுக்கென ஒரு மெம்பர் பதவி. தடுப்பூசி நாளில் வீடு வீடாகப் போய்ப் பிள்ளைகளைத் திரட்டிக் கொடுப்பவள், ஐந்தாம் வகுப்புவரை படித்தவள், யாரோடும் சண்டையில்லாதவள் என்று மொர்ஜினாவை எல்லோரும் நிற்கச் சொன்னார்கள். அவளுக்குக் கிடைத்த சின்னம் ஹெலிகாப்டர். வெள்ளக் காலத்தில் தலைக்கு மேலே போவதைத் தவிர ஹெலிகாப்டரைப் பற்றி அங்கே யாருக்கும் ஒன்றும் தெரியாது. ஆனாலும் அதில் முத்திரை குத்தித் தள்ளிவிட்டார்கள். அன்றிலிருந்து அவள் ஹெலிகாப்டர் மெம்பர்.

பதவியேற்ற இரண்டாம் வருஷம், ஷ்ராபன் மாத மழையில் ஆறு மொஹிஷ்டோபாவைத் தின்ன ஆரம்பித்தது. பதினோரு நாள் எடுத்துக்கொண்டது. முதலில் கிழக்கே சோளக்கொல்லை போயிற்று. பிறகு வாழைத்தோப்பு, நின்ற வாக்கிலேயே, இலைகூடக் கலையாமல், நடந்து போவதைப் போலத் தண்ணீருக்குள் இறங்கியது. நிலம் பிளக்கும்போது வரும் சத்தம் இடி மாதிரி இருக்காது. தூக்கத்தில் யாரோ பெருமூச்சு விடுவதைப் போல இருக்கும். அந்தப் பதினோரு நாளும் மொர்ஜினா அந்தப் பெருமூச்சைக் கேட்டுக்கொண்டே படகுகளை ஏவிக்கொண்டிருந்தாள். கிழவிகள், கர்ப்பிணிகள், ஆடுகள், தகரம், பள்ளிக்கூடத்துக் கரும்பலகை எல்லாம் கரை சேர்ந்தன. ஒரு உயிரும் போகவில்லை. கடைசிப் படகில் அவள் ஏறித் திரும்பிப் பார்த்தபோது ஒரு தொழுகைப் பாய் அளவு மண் மிச்சமிருந்தது. அதன்மேல் ஒரு கொக்கு நின்றிருந்தது. கொக்கு பறந்ததும் அங்கே ஒன்றுமே இல்லை.

ஆற்றிடம் நிலத்தை இழந்தவர்கள் எப்போதும் எங்கே போவார்களோ அங்கே போனார்கள். பாதிப் பேர் மேற்குக் கரையின் வெள்ளத்தடுப்பு மேட்டில் வரிசையாகக் குடிசை போட்டார்கள். சிலர் வேறு திட்டுகளில் கூலிக்குப் போனார்கள். இளையவர்கள் காஜிப்பூர்ப் பக்கம் தையல் ஆலைகளுக்குப் பஸ் ஏறினார்கள். மூன்று ஆண் மெம்பர்களில் ஒருவர் டாக்காவில் ரிக்‌ஷா ஓட்டப் போனார், ஒருவர் மகன் வீட்டோடு போனார், மூன்றாமவர் யூனியன் சேர்மனின் ஊரிலேயே வீடு பிடித்துக்கொண்டு அவர் பேச்சுக்குத் தலையாட்டப் பழகினார். மொர்ஜினாவும் தோராப்பும் மேட்டில்தான் வீட்டை நிமிர்த்தினார்கள்.

மழை விட்டதும் யூனியன் கூட்டம் வந்தது. அரிசி அட்டைகளையும் புதிய அடிபம்புகளையும் வார்டு வாரியாகப் பிரிக்க வேண்டும். செக்ரட்டரி ஒபாயதுல்லா சுவரிலிருந்த வரைபடத்தைக் காட்டினார். மரியாதையான மனிதர்தான், ஆனால் ஒரு கேலியைக் கண்டால் விடமாட்டார்.

"மெம்பர் அக்கா, கோவிச்சுக்காதீங்க. மேப்புல உங்க வார்டு இருக்குற எடத்துல இப்ப பதினெட்டு அடி தண்ணி. அடிபம்பை எங்க நடுறது? மீனுக்கா தண்ணி அடிச்சுக் குடுக்கப் போறோம்?"

எல்லோரும் சிரித்தார்கள். மொர்ஜினாவுக்கும் சிரிப்பு வந்தது. அதை அடக்கிக்கொள்ளச் சற்று நேரம் பிடித்தது. பிறகு அவள் கேட்டாள்: "எனக்கு ஓட்டுப் போட்டது மண்ணா?"

சேர்மன் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அவர் கெட்டவரல்ல, அவருக்கும் மேலே ஒரு அலுவலகம் இருந்தது.

"ஆளுங்க எங்கம்மா இருக்காங்க?" என்றார். "வாயால சொன்னா மேல ஒத்துக்க மாட்டாங்க. யாரு, எந்தக் குடும்பம், இப்ப எங்கன்னு எழுதிக்கிட்டு வா. அப்புறம் பாக்கலாம்."

அப்படித்தான் மொர்ஜினா தன் வார்டைத் தேடிக் கிளம்பினாள்.

லால்சான் என்றொரு படகுக்காரன் இருந்தான். மொஹிஷ்டோபாவுக்கும் கரைக்கும் இடையே ஆளேற்றிப் பிழைத்தவன். திட்டே போன பிறகு எங்கிருந்து எங்கே ஏற்றுவது? அவனும் அவன் படகும் மேட்டின் அடியில் சும்மா கிடந்தார்கள். டீசலுக்குக் கொடுத்தால் போதும், வருகிறேன் என்றான். ஹெலிகாப்டர் மெம்பரைப் படகில் வைத்து ஓட்டிய பெயராவது மிஞ்சட்டும் என்றும் சொன்னான்.

ஆஷ்வின் மாதம். மழை கழுவிவிட்ட வானம், ஆற்றின் இரு கரையும் கண்ணுக்கு எட்டாத அகலம். திட்டுகள்தோறும் நாணல் பூத்து வெள்ளையாக அசைந்தது. மேகம் எது, பூ எது, தண்ணீரில் தெரியும் மேகம் எது என்று பிரிக்க முடியாத நாட்கள் அவை. மொர்ஜினா படகின் முனையில் நோட்டுப் புத்தகத்தை மடியில் வைத்து உட்கார்ந்திருப்பாள். எஞ்சின் சத்தம் கொஞ்ச நேரத்தில் காதிலிருந்து மறைந்துவிடும். ஆற்று டால்பின்கள் முதுகைக் காட்டி மூழ்கும்.

முதல் நாளே ஓரிடத்தில் லால்சான் எஞ்சினை நிறுத்தினான். "இதுதான் அக்கா. நம்ம ஊரு."

சுற்றிலும் தண்ணீர். மொர்ஜினா குனிந்து கையைத் தண்ணீரில் விட்டாள். கீழே தன் மூன்று வார்டுகளும் இருப்பதாக, பள்ளிக்கூடத்தில் மீன் கூட்டம் வரிசையில் உட்கார்ந்திருப்பதாக ஒரு கணம் தோன்றியது. துக்கமாக இல்லை. வெயிலில் அரைத்தூக்கம் போடும்போது வருமே, அந்த மாதிரி ஒரு மயக்கம். படகு தானாகவே தெற்கே நகர்ந்துகொண்டிருந்தது. "போலாம்" என்றாள்.

பெயர் எழுதுவதில் ஒரு சிக்கல் இருந்தது. மொஹிஷ்டோபாவில் ஏழு ரஹீமா, ஐந்து ஜாபர் அலி. அடையாள அட்டையை ஆற்றில் விட்டவர்களும் நிறைய. ஆகவே அவள் ஒவ்வொரு குடும்பத்திடமும் எதிர் வீட்டில் யார், பக்கத்து வீட்டில் யார் என்று கேட்டு, பெயருக்குப் பக்கத்திலேயே அதையும் எழுதினாள். இப்படிக் கேட்டதும் ஜனங்களின் முகம் மாறிப்போகும். மேட்டில் ஒண்டிக் கிடக்கிற ஒரு பெண், "எதிர்ல ஜைனப். பொழுது விடிஞ்சதும் சாம்பலை என் வாசப்பக்கமே கொட்டுவா" என்று ஆரம்பித்து, நேற்று நடந்தது போலச் சண்டை போடுவாள். ஜைனப் அப்போது முப்பது மைலுக்கு அப்பால் யாருடைய திட்டிலோ வேர்க்கடலை பிடுங்கிக்கொண்டிருப்பாள்.

வடக்கே, காசேம் பிரமாணிக் என்ற பெரும்புள்ளியின் திட்டிலும் நாலு குடும்பம் கிடைத்தது. அதில் ஒருவன் சோலைமான். பிரமாணிக்கிடம் தடியெடுக்கும் ஆளாகச் சேர்ந்திருந்தான். பெயரை எழுதும்போது அவன் நிமிர்ந்து பார்க்கவில்லை. பள்ளிவாசலுக்கு வடக்கே முதல் வீடு என்று மட்டும் முணுமுணுத்தான்.

காஜிப்பூருக்கு அவள் பஸ்ஸில் போனாள். அங்கே ஒரு சந்தில் அடுத்தடுத்த எட்டு அறைகளில் மொஹிஷ்டோபாப் பெண்கள் இருந்தார்கள். ஒரே அடுப்பில் முறை வைத்துச் சமைத்தார்கள். காலையில் ஆலைக்குப் போகும் கூட்டத்தைத் தெருமுனையில் நின்று பார்த்தபோது அவளுக்குத் தலை சுற்றியது. ஆறு மாதிரியே இருந்தது. கரையை அரித்துக்கொண்டு போகிற, நிற்காத பெண்கள் கூட்டம். அவள் ஊரிலிருந்து போனவர்களும் அதற்குள் எங்கேயோ போய்க்கொண்டிருந்தார்கள்.

அன்று சாயங்காலம் ஹாலிமா என்பவள் அவளுக்கு முட்டைக் குழம்பும் சோறும் போட்டாள். இருபத்தைந்து வயது, புருஷன் இல்லை, ஒரு பெண் குழந்தை. சாப்பிட்டு முடித்ததும் நோட்டை வாங்கித் தன் பெயரைத் தேடிப் பார்த்தாள்.

"அக்கா, என் பேரை எடுத்துரு."

"ஏண்டி, அரிசி அட்டை வரும்."

"வரட்டும். வேற யாருக்காவது குடு. மறுபடி திட்டு எழும்புனா நீ எல்லாரையும் கூப்புடுவ. பேரு இருந்தா நானும் வந்துருவேன். எனக்கு என்னைத் தெரியும்." குழந்தையின் தலையை வாரிக்கொண்டே சொன்னாள். "இவ ராத்திரி முழிச்சுத் தண்ணிச் சத்தம் கேக்குதான்னு காதைத் தீட்டுறதில்ல இப்ப."

மொர்ஜினாவுக்கு முதலில் கோபம் வந்தது. அவள் எழுதிச் சேர்த்த பெயர், தண்ணீரிலிருந்து எடுத்த மீன் போல நழுவுகிறதே என்று. பிறகு குழந்தையைப் பார்த்தாள். பேனாவை எடுத்து ஒரே கோடாக அடித்தாள். அந்தச் சந்தில் இன்னும் ஆறு பேர் அப்படிச் சொன்னார்கள். அவர்கள் பெயர்களையும் அடித்தாள். பஸ்ஸில் திரும்பும்போது அவர்களைப் பற்றி நினைத்தபடியே தூங்கிப்போனாள்.

நோட்டில் நூற்று எழுபத்தோரு குடும்பம் நின்றது. செக்ரட்டரி அதை மூன்று நாள் வைத்திருந்து படித்தார். அடுத்த கூட்டத்தில் கேலி செய்யவில்லை. ஜைனப்புக்கும் எதிர்வீட்டுக்காரிக்கும் சாம்பல் சண்டை தீர்ந்ததா என்று மட்டும் கேட்டார். அரிசி அட்டைகள் வந்தன. மேட்டின் சரிவில் இரண்டு அடிபம்பு நட்டார்கள். மண்ணே இல்லாத வார்டுக்குக் குடிதண்ணீர் வந்தது என்று தோராப் பார்க்கிறவர்களிடமெல்லாம் சொன்னான்.

இரண்டு வருஷம் அப்படியே போயிற்று. அதற்கடுத்த குளிர்காலத்தில் ஒருநாள் காலை லால்சான் போன் பண்ணினான். குரலில் ஒரு தினுசான அடக்கம்.

"அக்கா, உங்க வார்டு என் படகை இடிச்சிருச்சு."

அவள் போய்ப் பார்த்தபோது படகு மூடுபனிக்குள் சாய்ந்து நின்றது. அதைச் சுற்றி முழங்காலளவு தண்ணீர், அதற்கப்பால் ஈர மணல், அதற்கும் அப்பால் வெண்மை. அவள் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு நடந்தாள். கால் புதையாத இடம் வந்தது. பறவைகளின் கால்தடம் தவிர ஒரு கோடில்லாத மணல். எவ்வளவு தூரம் நடந்தாள் என்று அவளுக்கே தெரியவில்லை. பனியில் முன்னும் இல்லை, பின்னும் இல்லை. லால்சான் கூப்பிட்ட குரல் மேலேயிருந்து வருவது போலக் கேட்டது. திரும்பி வந்தபோது ஒரு பிடி மணலை முந்தானையில் முடிந்து வைத்திருந்தாள்.

ஆனால் அந்த மணலை அவள் மட்டும் பார்க்கவில்லை. ஒரு வாரத்துக்குள் பிரமாணிக்கின் ஆட்கள் வந்து நாலு மூலையிலும் மூங்கில் நட்டுத் துணி கட்டிவிட்டார்கள். ஆற்றில் போன நிலம் திரும்பி எழுந்தால் பழைய சொந்தக்காரன் கேட்கலாம் என்று சட்டம் இருப்பது திட்டு ஜனங்கள் எல்லோருக்கும் தெரியும். ஆனால் எழுந்தது அதே நிலம்தான் என்று யார் சொல்வது? முதலில் உளுந்து விதைத்தவன் கைதான் ஓங்கும். தோராப் உட்பட ஆண்கள் பலர் தடியெடுக்கலாம் என்றார்கள். மொர்ஜினா மூன்று வாரம் நில அளவை அலுவலகத்துப் படிக்கட்டில் போய் உட்கார்ந்தாள். தினமும் பொரியும் வெல்லமும் கட்டிக்கொண்டு போவாள். வருகிறவர் போகிறவருக்கெல்லாம் அவள் முகம் பழகிப்போனது. கடைசியில், இவளை அனுப்பி வைப்பதற்காகவாவது ஒரு நாள் போய் வருவோம் என்று ஒரு சர்வேயர் ஒத்துக்கொண்டார். மப்ளர் சுற்றிய, இருமல் விடாத மனிதர்.

மாக் மாதக் குளிரில் விடிந்ததும் படகுகள் கிளம்பின. மேட்டிலிருந்தும் மற்றத் திட்டுகளிலிருந்தும் நானூறு பேருக்கு மேல் வந்திறங்கினார்கள். காஜிப்பூரிலிருந்தும் விடுப்புச் சொல்லிச் சிலர் வந்திருந்தார்கள். ஹாலிமா வரவில்லை. பனி பால் போல இறங்கியிருந்தது. இறங்கியவர்கள் வெற்று மணலைப் பார்த்துத் திகைத்து, ஒருவரை ஒருவர் தொட்டுக்கொண்டு நின்றார்கள்.

சர்வேயர் கையிலிருந்த கருவியைப் பார்த்து அங்குமிங்கும் நடந்தார். வெகுநேரம் கழித்து ஓரிடத்தில் சிவப்புக் கொடியை ஊன்றினார். "பழைய மேப்புப்படி பள்ளிக்கூடம் இங்கதான் இருந்திருக்கு. மத்ததெல்லாம் இந்த மணல்ல எனக்கு எப்படித் தெரியும்?" என்று இருமினார்.

மொர்ஜினா நோட்டைப் பிரித்தாள். பள்ளிக்கூடத்துக்கு எதிரே யார் என்று அதில் இருந்தது. அவர்களைக் கூப்பிட்டு நிற்கச் சொன்னாள். அவர்களுக்குப் பக்கத்தில் யார், அதற்கு எதிரே யார் என்று படித்துக்கொண்டே போனாள். ஒவ்வொரு குடும்பமும் இருபது முப்பது தப்படி வைத்து, முற்றம் இவ்வளவு, மாட்டுக்கொட்டகை இவ்வளவு என்று பேசி, ஒரு இடத்தில் போய் நின்றது. பனிக்குள்ளிருந்து "நீ இன்னும் தள்ளு, என் அடுப்புக்கு மேல நிக்கிற" என்ற குரல்கள் வந்தன. ஜைனப்பும் எதிர்வீட்டுக்காரியும் சரியான இடைவெளியில் நின்று ஒருவரை ஒருவர் முறைத்தார்கள். பிறகு ஜைனப்புக்கு அழுகை வந்துவிட்டது. ஒன்பது மணிவாக்கில் பனி விலகியது. அப்போதுதான் எல்லோரும் பார்த்தார்கள்: சுவரில்லாமல், கூரையில்லாமல், சந்தும் தெருவுமாக மொஹிஷ்டோபா நின்றுகொண்டிருந்தது. சர்வேயர் மேப்பைப் பார்த்தார், ஜனங்களைப் பார்த்தார், இருமலை மறந்துபோய் நின்றார்.

அந்த நேரத்தில்தான் வடக்கேயிருந்து இரண்டு படகுகள் வந்தன. பிரமாணிக்கும் தடிகளோடு முப்பது ஆட்களும் இறங்கினார்கள். ஆனால் இறங்கிய இடத்திலேயே நின்றுவிட்டார்கள். ஓடவோ கத்தவோ செய்யாமல் இப்படிச் சிதறி நிற்கிற கூட்டத்தை அவர்கள் பார்த்ததில்லை.

"என்ன மெம்பர், கூட்டம் போட்டிருக்கியா?" என்றார் பிரமாணிக்.

"கூட்டமில்ல அண்ணே. அவங்கவங்க வாசல்ல நிக்கிறாங்க."

பிரமாணிக் சர்வேயரைப் பார்த்தார். சர்வேயர் குனிந்து எழுதுவதை நிறுத்தவில்லை. மொர்ஜினா நோட்டில் ஒரு பக்கம் புரட்டினாள். தடிக்காரர்களில் மூன்றாவதாக நின்றவனைப் பார்த்துச் சொன்னாள்: "சோலைமான், பள்ளிவாசலுக்கு வடக்க முதல் வீடு. உன் பொண்டாட்டி ஒத்தையா நிக்கிறா. போய் நில்லு."

சோலைமான் தன் கையிலிருந்த தடியைப் பார்த்தான். முதலாளியைப் பார்த்தான். பள்ளிவாசல் இருந்திருக்க வேண்டிய வெற்றிடத்துக்கு வடக்கே ஒரு பெண் போர்வையைச் சுற்றிக்கொண்டு இந்தப் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தாள். அவன் தடியை மெல்ல மணலில் சாய்த்து வைத்துவிட்டு நடந்து போனான். அவள் பக்கத்தில் போய் நின்றான். மற்ற தடிக்காரர்கள் காலால் மணலைக் கிளறினார்கள். கொஞ்ச நேரம் பொறுத்து, நான் சர்க்காரிடம் பார்த்துக்கொள்கிறேன் என்று சொல்லிவிட்டு பிரமாணிக் படகேறினார்.

பார்க்கவும் செய்தார். வடக்கு முனையில் உயரமான பகுதி யாருடைய பழைய நிலமும் அல்ல என்று அளவையில் வந்தது. அது பிரமாணிக்கின் கைக்குப் போனது; வழக்கு இன்னும் நடக்கிறது. மற்ற நிலம் பழையவர்களுக்கு என்று காகிதம் வர ஒன்றரை வருஷம் பிடித்தது. தொண்ணூற்று இரண்டு குடும்பங்கள் வந்து வீட்டை நிமிர்த்தின. மற்றவர்கள் இருந்த இடமே பழகிவிட்டது என்றார்கள். முதல் வருஷம் உளுந்து, அடுத்த வருஷம் வேர்க்கடலை, அதன்பிறகு மிளகாய்.

தேர்தல் மறுபடி வந்தபோது மொர்ஜினா முப்பத்தொரு ஓட்டில் தோற்றாள். மேட்டிலும் காஜிப்பூரிலும் தங்கிவிட்டவர்கள் ஓட்டை அங்கேயே மாற்றிக்கொண்டிருந்தார்கள். அவர்கள் முப்பத்தொரு பேருக்கு மேல் இருப்பார்கள் என்று அவளுக்குத் தெரியும். இரண்டு நாள் அடுப்பு மூட்டவில்லை. மூன்றாம் நாள் தோராப், ஹெலிகாப்டர் இறங்கிவிட்டது, இனிமேலாவது சோறு கிடைக்குமா என்று கேட்டான். அவள் சிரித்து, தினையை உலையில் போட்டாள்.

ஜெயித்தவள் சின்னப் பெண், பத்து வீடு தள்ளித்தான் இருக்கிறாள். அவளே மொர்ஜினாவை மெம்பர் என்றுதான் கூப்பிடுகிறாள். பிறப்புச் சான்று, விதவை உதவித்தொகை, எல்லைத் தகராறு எல்லாவற்றுக்கும் ஜனங்கள் முதலில் மொர்ஜினாவின் வாசலுக்கு வந்து, தேநீர் குடித்துவிட்டுத்தான் அந்தப் பெண்ணிடம் போகிறார்கள்.

சில சாயங்காலங்களில், வேலை முடிந்து வெயில் தணிந்ததும், மொர்ஜினா கரைக்குப் போய் நிற்பாள். ஆறு செம்பு நிறத்தில் அசையாதது போல அசையும். போன மாதம் அப்படி நிற்கும்போது லால்சானின் படகு வந்தது. ஆளில்லை, சரக்கில்லை.

"ஏறுறீங்களா அக்கா?"

"எங்க போற?"

"எங்கயுமில்ல. தெக்க ஏதோ புதுசா மணல் தலை காட்டுதாம். பாத்துட்டு வரலாம்னு."

அவள் வீட்டுப் பக்கம் திரும்பி, அடுப்பைப் பார்த்துக்கொள்ளும்படி தோராப்புக்குக் குரல் கொடுத்தாள். பிறகு செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு தண்ணீரில் இறங்கிப் படகேறினாள்.